வெளிச்சத்துக்கு எத்தனை வார்த்தை

மார்ச் 3

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதறேன். நான் இங்க சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்ல நோட்டு திருத்திக்கிட்டே ரெண்டு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் படுத்துடறியா? அதை முதல்ல எழுது.

வார்டனம்மா ரூம் போன்ல பேசினா பின்னாடி நிக்கற வரிசை பெருமூச்சு விடுது. அந்தப் பெருமூச்சுக்கு நடுவுல ‘சாப்பிட்டியா, தூங்கினியா’ங்கறதுக்கு மேல எனக்கு வாய் வரமாட்டேங்குது. அதனாலதான் கடிதம்.

விஷயம் இதுதான். எங்க கம்பெனில லேபிள் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. நாங்க செய்யறது பூராவும் அலங்காரச் சாமான்தானே. பல்பு சரம், ஜிகினாத் தோரணம், தூவற பொடி, இதெல்லாம்தான். எல்லாம் கப்பல்ல போகுது. ஒவ்வொரு டப்பா மேலயும் அது எப்படி மின்னும்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை ஒட்டணும். போன வருஷம் ஒருத்தி ட்விங்கிள் ஒட்ட வேண்டிய டப்பால க்ளோவை ஒட்டிட்டா. விட்டு விட்டு எரியும்னு வாங்கினவங்களுக்கு அது விடாம எரிஞ்சுதாம். ஒரு லாரி சரக்கு திரும்பி வந்துடுச்சு. அதனால இந்தத் தடவை பரீட்சை வெச்சுத்தான் ஆள் எடுப்பாங்களாம். ஜூலைல.

நான் எழுதலாம்னு இருக்கேன். சிரிக்காதே. இப்ப இருக்கறது டெஸ்டிங் அறை. சுத்தி கறுப்புத் துணி. சரத்தை ஆணில மாட்டி ஸ்விட்சைப் போட்டு, எரியாத பல்பைப் பிடுங்கிட்டு வேற சொருகணும். காலைல உள்ள போனா சாயந்தரம்தான் வெளிய. லேபிள் பிரிவுல ஜன்னல் இருக்கு. எனக்கு அது போதும்.

எங்க லிஸ்டுல கிளிட்டர், ஷிம்மர், ஸ்பார்க்கிள், ட்விங்கிள், க்ளோ, க்ளீம்னு வரிசையா இருக்கு. எல்லாமே எனக்கு ‘பளபள’தான். வித்தியாசத்தை எனக்குப் புரியற மாதிரி எழுது. டிக்ஷனரில பார்த்து எழுதாதே.

அந்த அக்கவுண்டன்ட் வீட்டுலேருந்து மறுபடி வந்தாங்களா? கல்யாணத் தேதி எதாவது சொன்னாங்களா? உன் அண்ணன் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இனியும் தள்ளிப்போட வேண்டாம். உனக்கு இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னுதான் நான் வேலைக்கு வந்தேன்னு நினைச்சுக்காதே. எனக்கு வீட்டுல சும்மா உட்கார முடியல, அவ்வளவுதான்.

அண்ணி

•

மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

பிஸ்கட் சாப்பிட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் சோறும் சாப்பிட்டேன். இனி என்னைப் பற்றிய விசாரணை முடிந்தது என்று வைத்துக்கொண்டு பாடத்துக்கு வருகிறேன்.

ரோட்டில் பாட்டில் உடைந்து கிடக்கும்போது வெயிலில் நூறு துண்டும் தனித்தனியாக மின்னுமே, அது கிளிட்டர். பார்க்க அழகு, கை வைத்தால் கிழிக்கும். ஸ்பார்க்கிள் அதற்குத் தங்கை மாதிரி, கொஞ்சம் துள்ளும். சோடாவைத் திறந்தால் குமிழி எழும்பி வருமே, அந்தத் துள்ளல். நம் சமையலறையில் எண்ணெய் காய்ந்து வரும்போது மேலே ஒரு நெளிவு ஓடுகிறதல்லவா? நீங்கள் “இரு இரு, இன்னும் காயல” என்று என் கையைத் தட்டிவிடுவீர்களே, அப்போது ஓடுவது ஷிம்மர். அதில் துண்டு துண்டாக ஒன்றும் இருக்காது, ஒரு பரப்பு முழுவதும் அசையும்.

ட்விங்கிள் கண் சிமிட்டும். க்ளோவுக்குச் சிமிட்டத் தெரியாது, இஸ்திரிப் பெட்டிக் கரி மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். க்ளீம் என்பது நீங்கள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்த டம்ளர். நான் தேய்த்தால் அது வருவதில்லை.

ஆறும் வந்துவிட்டதா? டப்பாவைப் பார்க்கும்போது வார்த்தையைத் தேடாதீர்கள், பாட்டிலையும் எண்ணெயையும் தேடுங்கள்.

வீடு நன்றாக இருக்கிறது. மாடிக்குழாய் மட்டும் ஒழுகுகிறது. ஆள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சரம்மா

•

ஏப்ரல் 6

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. எண்ணெய்னு எழுதினியே, அன்னிக்கு ராத்திரி எனக்கு நம்ம சமையலறைதான் கனவு. இப்ப ஷிம்மர் என் தூக்கத்துல கூட மறக்காது.

என்கூட ஒரே ரூம்ல இருக்கறவளைப் பத்திச் சொன்னேன்ல? பசைப் பிரிவுல வேலை பார்க்கறதால எல்லாரும் அவளைப் பசைன்னுதான் கூப்பிடறாங்க. அவ டப்பாவைத் தூக்கிக் காட்டுவா, நான் சொல்லணும். தப்பாச் சொன்னா நான் அவளுக்கு டீ வாங்கித் தரணும். சரியாச் சொன்னா அவ வாங்கித் தரணும்னு கேட்டதுக்கு, “அக்கா, நான் என்ன பரீட்சையா எழுதறேன்?”ங்கறா. இந்த நியாயத்துக்கு எங்க போய்ச் சொல்றது?

மேற்பார்வையாளர்கிட்ட பேரைக் கொடுத்துட்டேன். அவருக்குச் சீட்டின்னு பேரு. பேசறதுக்குப் பதிலா விசில்தான் அடிப்பார். என் பேரை எழுதிக்கிட்டு, மேலயும் கீழயும் பார்த்துட்டு ஒரு விசில் அடிச்சார். நல்ல விசிலா கெட்ட விசிலான்னு தெரியல.

அப்புறம் இன்னும் மூணு வார்த்தை. ப்ளிக்கர், டேஸில், க்ளேர். இதுல க்ளேர் எங்க சாமான்ல இருக்கக் கூடாதாம். இருந்தா ஒதுக்கி வைக்கணுமாம். எப்படிக் கண்டுபிடிக்கறது?

இங்க வேலை கூடிப்போச்சு. ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தா தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. இருட்டுலேருந்து வர்றதால எல்லாருக்கும் அப்படித்தான்னு சொல்றாங்க. தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுத்தா காலைல சரியாப் போயிடுது. எனக்கு வர்ற தலைவலியில தைலக்காரன் மாடி கட்டிடுவான்.

அக்கவுண்டன்ட் விஷயத்தை நீ எழுதவே இல்ல. கவனிச்சேன்.

அண்ணி

•

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

தலைவலிக்கு ஒரு நாள் லீவு போட்டுத் தூங்குங்கள். தைலக்காரர் தரைத்தளத்தோடு நிற்கட்டும்.

ப்ளிக்கர் எங்கள் ஆசிரியர் அறை டியூப்லைட். ஸ்டார்ட்டர் போய் மூன்று மாதமாக உயிருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. எரியவா வேண்டாமா என்று அது யோசித்து முடிப்பதற்குள் எங்களுக்கு அரை மணி இடைவேளை முடிந்துவிடும். டேஸில் என்றால் எதிரே வரும் லாரி விளக்கைப் போட்டதும் ஒரு நொடி எதுவுமே தெரியாமல் போகிறதே, அது. ஆனால் அதையே ஆசையாகவும் சொல்வார்கள், கண்ணைப் பறிக்கிற அழகு என்கிற அர்த்தத்தில். க்ளேருக்கு ஆசையே கிடையாது. கண்ணை உறுத்தும், அவ்வளவுதான். அது வெளிச்சத்துக்கும் உண்டு, எங்கள் தலைமையாசிரியைக்கும் உண்டு. நான் தாமதமாக வந்தால் கண்ணாடிக்கு மேலாக என்னை அவர் முறைப்பதும் க்ளேர்தான். உங்கள் சரத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றினால் ஒதுக்கிவிடுங்கள்.

அக்கவுண்டன்ட் வீட்டில் இது கணக்கு முடிக்கிற மாதமாம். அவர்களுக்கு நேரமில்லை. எனக்கும் தேர்வுத்தாள் குவிந்து கிடக்கிறது. எல்லாம் மெல்ல ஆகும்.

குழாய்க்காரர் வந்தார். ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
டீச்சரம்மா

•

ஜூன் 2

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ரொம்ப நாளா எழுத முடியல. கோவிச்சுக்காதே. நல்லாத்தான் இருக்கேன். நீ எப்படி இருக்கே?

வருஷக் கடைசி ஆர்டர் இப்பவே வந்துடுச்சு. அதனால ரெண்டு மணி நேரம் கூடுதல். ரூமுக்கு வந்தா செருப்பைக் கழட்டவும் தெம்பு இருக்கறதில்ல. பசைதான் சாப்பாட்டை வாங்கி மூடி வெச்சிருப்பா.

ஒரு வார்த்தை கேக்கணும். லிஸ்டுல இல்ல. பசை கேட்டா, எனக்குத் தெரியல. ஒரு பல்பு எரியுது, அதைச் சுத்தி வட்டமா வளையம் தெரியுது. உள்ள நீலம், வெளிய சிவப்பு, வானவில்லைச் சுருட்டி வெச்ச மாதிரி. பல்பைத் துடைச்சாலும் போகமாட்டேங்குது. தெருவிளக்குலயும் தெரியுது. கொஞ்ச நேரம் இருந்துட்டு அதுவாப் போயிடுது. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?

மங்கலா, புகைக்கு நடுவுல எரியற மாதிரி இருக்கற வெளிச்சத்துக்கும் ஒரு வார்த்தை இருந்தா எழுது.

தேதி வெச்சா முன்கூட்டியே சொல்லு. நான் லீவு சொல்லணும்.

அண்ணி

•

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வராததால் நாற்பது நாளாகத் தபால்காரரை நான் முறைத்த முறைப்பில் அவர் சைக்கிள் மணியை அடிப்பதையே நிறுத்திவிட்டார். இனி அவரைப் பார்த்துச் சிரிப்பேன்.

பசை கேட்ட கேள்வி அருமையான கேள்வி. அதற்கு ஹேலோ என்று பெயர். படங்களில் தேவதைகளின் தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளி வரைவார்களே, அதுவும் ஹேலோதான். நிலாவைச் சுற்றிச் சில நாள் கோட்டை கட்டியிருக்குமே, அதுவும். உங்கள் கம்பெனி அதையே ஒரு டப்பாவில் அடைத்து விற்றால் நன்றாகப் போகும். நான் சொன்னதாகச் சீட்டியிடம் சொல்லுங்கள். நல்ல விசில் ஒன்று கிடைக்கும்.

புகைக்கு நடுவே எரிவதை ஹேஸி என்பார்கள். டிம் என்றால் வெளிச்சமே குறைவு. ஹேஸி என்றால் வெளிச்சம் இருக்கிறது, நடுவில் ஏதோ மறைக்கிறது. வித்தியாசம் புரிகிறதா?

இப்படியெல்லாம் கேட்கிற மாணவி என் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. பசையை இங்கே அனுப்பிவையுங்கள், முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

பரீட்சை தேதி தெரிந்ததும் எழுதுங்கள். நான் இங்கே காலையிலிருந்து பதற்றமாக இருப்பேன். யாராவது ஒருவர் இருக்க வேண்டுமே.

இப்படிக்கு,
டீச்சரம்மா

•

ஜூன் 28

டீச்சரம்மாவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பசை படிச்சுக் காட்டினா. ஹேலோ நல்ல பேரு.

பரீட்சை ஜூலை 9. கேள்வித்தாள் எழுத்து பெருசாத்தான் இருக்கும்னு சீட்டி சொன்னார்.

கோடு போட்ட தாள் கிடைக்கல, அதான் வரி ஏறி இறங்குது. வேற ஒண்ணுமில்ல.

நீ நல்லா இரு.

அண்ணி

•

ஜூலை 4

அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதத்தைப் படிப்பவர் யாராக இருந்தாலும், படித்து முடித்த உடனே என் அண்ணியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பரீட்சை வேண்டாம், ஷிப்ட் வேண்டாம், உடனே போங்கள்.

நேற்றுப் படிக்கிற கண்ணாடி மாற்றப் போனேன். கடைக்காரர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். “கண்ணு வலி உண்டா? தலைவலி? விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுதா?”

“எனக்கு இல்லை” என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், வானவில்லைச் சுருட்டி வைத்த மாதிரி என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது.

“வேற யாருக்கு?” என்று கேட்டார். சொன்னேன். இருட்டறை வேலை என்பதையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டார். “டீச்சர், அது கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறுறதோட அறிகுறியா இருக்கலாம். விட்டு விட்டுத்தான் வரும். ஒரு நாள் விடாம வந்துடும். அன்னிக்குப் பார்வையை எடுத்துக்கிட்டுத்தான் போகும். நான் கண்ணாடி விக்கறவன், டாக்டர் இல்ல. ஆனா எங்க வீட்டுல ஒருத்தருக்கு இதுன்னா இன்னிக்கே கூட்டிட்டுப் போவேன்” என்றார்.

பசைக்கு வளையம் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரிகிறது. தெரியும், மறுக்காதீர்கள்.

வார்டன் போனுக்கு நேற்றிலிருந்து அடிக்கிறேன். மணி போகிறது, எடுக்க ஆளில்லை. கம்பெனிக்கு அடித்தால் ஷிப்ட்டில் இருப்பவர்களைக் கூப்பிட முடியாது என்கிறார்கள். தொடர்ந்து அடிப்பேன். இது அவசரத் தபால்.

போங்கள் அண்ணி. தயவுசெய்து போங்கள்.

•

ஜூலை 11

டீச்சர் அவர்களுக்கு வணக்கம்,

நான் பசை. உங்க அண்ணியோட ரூம்காரி. எனக்கு எழுத்து அவ்வளவா வராது, தப்பு இருந்தா சிவப்பு மசில திருத்திடாதீங்க. நீங்க போன்ல பேசினப்ப நான் அழுதுட்டதால ஒண்ணும் ஒழுங்காச் சொல்லல. நீங்க வந்து சேர்ற வரைக்கும் என் மனசு கேக்காது. அதான் எழுதறேன். லீவு கிடைச்சு நீங்க கிளம்பறதுக்குள்ள இது வந்துடும்னு நினைக்கறேன்.

திங்கக்கிழமை மத்தியானம் அக்கா இருட்டறையில இருக்கும்போதே இடது கண்ணுல வலி வந்துடுச்சு. சாதாரண வலி இல்ல டீச்சர், சுவத்துல தலையை முட்டிக்கிட்டாங்களாம். வாந்தி வேற. கம்பெனி நர்ஸம்மா வாந்தியைப் பார்த்துட்டு வயித்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. ரூமுக்கு வந்து துணியால கண்ணைக் கட்டிக்கிட்டுப் படுத்துட்டாங்க. நான் கேட்டதுக்கு, “சாப்பாடு ஒத்துக்கல, விடு”ன்னாங்க. கண்ணு ரத்தமாச் செவந்திருந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, “வியாழக்கிழமை பரீட்சை, லீவு போட்டா பேரை அடிச்சிடுவாங்க”ன்னாங்க.

மறுநாள் மத்தியானம் உங்க லெட்டர் வந்துச்சு. அவசரம்னு போட்டிருந்ததால நான்தான் பிரிச்சேன். ‘படிப்பவர் யாராக இருந்தாலும்’னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சதும் எனக்கே யாரோ உத்தரவு போட்ட மாதிரி இருந்துச்சு. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வண்டியைக் கூப்பிட்டு உள்ள தள்ளிக் கூட்டிட்டுப் போயிட்டேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கிட்டே வந்தாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

டாக்டரம்மா முதல்ல கேட்டதே, “இருட்டுல வேலையா?”ன்னுதான். சில பேருக்குக் கண்ணுக்குள்ள தண்ணி போற வழி குறுகலா இருக்குமாம். இருட்டுல கண்ணுப் பாப்பா விரியும்போது அது அடைச்சுக்குமாம். வலது கண்ணுக்கும் அதே நிலைதானாம். அதுல லேசர் போட்டு வழி பண்ணிட்டாங்க, இனி பயமில்லைன்னாங்க. இடது கண்ணுக்கும் எல்லாம் செஞ்சு பார்த்தாங்க. முதல் நாளே வந்திருந்தா, அப்படின்னு ஆரம்பிச்சு பாதில நிறுத்திட்டாங்க. இப்ப அதுல வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியுதாம். யாரு நிக்கறான்னு தெரியாது.

இன்னொண்ணு டீச்சர். போன மாசம் உங்க லெட்டர்ல, பசை கேட்ட கேள்வி அருமைன்னு இருந்துச்சு. படிச்சுக் காட்டினதே நான்தான். “நான் எப்பக்கா கேட்டேன்?”னேன். “சும்மா உன் பேரைப் போட்டேன்டி, டீச்சரம்மா கவலைப்படுவா”ன்னாங்க. அன்னிக்கே நான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கணும். எனக்கு அந்த வளையத்தோட அர்த்தம் தெரியல.

சீக்கிரம் வாங்க.

இப்படிக்கு,
பசை

•

ஆகஸ்ட் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. சொட்டு மருந்து காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கப் போகும்போது. பசையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குனிந்து பாரம் தூக்காதீர்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாம் பேசியதெல்லாம் மருந்து, தலையணை, ஆஸ்பத்திரி டீயில் பால் இல்லை என்பது. ஒரு நாள் நீங்கள் “எப்படி, தேதி வெச்சாச்சா?” என்று கேட்டீர்கள். கட்டுப் போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டு அதைக் கேட்டீர்கள். நான் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன். நேரில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

தேதி கிடையாது. போன நவம்பரிலேயே அது முடிந்துபோயிற்று.

அவர் நல்ல மனிதர்தான். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டார். “உங்க அண்ணி திரும்பி வந்துட மாட்டாங்களே?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வீடு வாங்க வந்தவர் கூரை ஒழுகுமா என்று விசாரிப்பாரே, அந்த மாதிரி. நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்து, “வந்தால் வரட்டும், அவங்க வீடுதானே” என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

உங்களுக்காக விட்டுவிட்டேன் என்று நினைத்து அதையும் ஒரு பாரமாகத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு அவரோடு உட்கார்ந்து சாப்பிட முடியும் என்று தோன்றவில்லை. அவ்வளவுதான். ஆனால் நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டீர்கள். கல்யாணம் இல்லை என்று தெரிந்தால், பின்னே வீட்டை விட்டு எதற்காக வேலைக்குப் போனோம் என்று நினைப்பீர்கள். அதனால் கணக்கு முடிக்கிற மாதம் என்று ஏதோ எழுதினேன். நீங்கள் பசை பெயரைப் போட்ட மாதிரிதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணன் போய்விட்டால் அண்ணியும் அண்ணியாக இல்லாமல் போய்விடுவாரா? நானும் பதினேழு வருடமாக இலக்கணம் நடத்துகிறேன், அப்படி ஒரு விதியை எங்கும் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் ஒருத்திக்குச் சமைத்து ஒருத்தி சாப்பிட்டு அலுத்துப்போய்விட்டது. வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

•

ஆகஸ்ட் 30

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இது என் கையெழுத்துதான். பெருசு பெருசா இருக்கும், ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் வருது. தாள் வீணாகுதேன்னு பசை புலம்பறா. வலது கண்ணுல நல்லாத் தெரியுது. உன் உடம்பு எப்படி? போகும்போது இருமிக்கிட்டே போனே.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் உன்மேல கோபமா இருந்தேன். உண்மையைச் சொல்றேன். இருட்டறையில நிக்க முடியாம நிக்கும்போதெல்லாம், அங்க டீச்சரம்மாவுக்கு ஒரு வாழ்க்கை அமையுது, நாம நடுவுல இல்லாம இருக்கறதுதான் நல்லதுன்னு நினைச்சுத்தான் நின்னேன். அது நவம்பர்லயே இல்லைன்னா, இந்த வருஷம் பூரா எதுக்கு? என் கண்ணு எதுக்கு? இப்படியெல்லாம் நினைச்சேன். உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?

பசைகிட்டயும் புலம்பினேன். அவ பல்லைத் தேய்ச்சுக்கிட்டே கேட்டுட்டு, “ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது பண்றேன் பண்றேன்னு ஆளுக்கொரு ஊர்ல உட்கார்ந்து பொய் எழுதியிருக்கீங்க. இதுல இங்கிலீஷ் வேற”ன்னு துப்பிட்டுப் போயிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சேன், முகமெல்லாம் வலிச்சுது.

லேபிள் இடத்தை வேற ஒரு பொண்ணுக்குக் கொடுத்துட்டாங்க. அவ நல்லா எழுதினாளாம், நியாயம்தான். இருட்டறைக்கு இனிமே ஆளை மாத்தி மாத்தி அனுப்பறதுன்னு வெச்சிருக்காங்க. நர்ஸம்மா ரூமுக்கு வந்து என் மருந்துச் சீட்டை ரெண்டு தடவை வாங்கிப் படிச்சாங்க. பாவம்னு டீ போட்டுக் கொடுத்தேன். சீட்டி வந்தார். விசில் அடிக்கல. தோரணம் மடிக்கற மேஜைல, ஜன்னல் ஓரமா இடம் தர்றேன்னார். நான் ஆசைப்பட்ட ஜன்னல்தான். ஆனா கேட்டதும் சந்தோஷம் வரல, தூக்கம்தான் வந்துச்சு. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டேன். எத்தனை மாசத்துத் தூக்கம்னு தெரியல டீச்சரம்மா, படுத்தா எழுந்திருக்கவே மனசு வரமாட்டேங்குது.

வர்றேன். ஒரேயடியா வர்றேனான்னு கேக்காதே, இப்ப எனக்கு அதெல்லாம் தெரியாது. தூங்கறதுக்கு வர்றேன். மிச்சத்தை எழுந்து பார்த்துக்கலாம். நீ சமைக்க வேண்டாம், வந்து நானே செய்யறேன். எண்ணெய் காயறதுக்கு முன்னாடி போட்டுக் கெடுத்துடுவே.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் பஸ் அங்க வந்து சேரும். பசை இங்க ஏத்தி விடுவா. இறங்கற இடத்துல கூட்டமா இருக்கும், என்னால தேட முடியாது. நீதான் என்னைக் கண்டுபிடிக்கணும். வந்ததும் இடது பக்கம் நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்காதே, குரல் எங்கேருந்து வருதுன்னு பதறிப்போயிடுவேன். வலது பக்கமா வந்து கையைப் பிடிச்சுக்கோ.

அண்ணி